வீணை கரகரக்குதா, சுருதி நிக்கலையா? மேளம் கட்டத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஐப்பசில அடமழை பிடிச்சதும் ஒரு தடவை, சித்திரை வெயில் ஏறினதும் ஒரு தடவை, கும்பகோணம் மாயவரம் திருவாரூர்னு எல்லாப் பக்கத்துலேர்ந்தும் ஒரே கேள்விதான் வரும், "வீணை கரகரங்குது, மேளம் கட்டணுமா?"ன்னு. விஜயதசமிக்கு கிளாஸ் சேர்றதுக்காக பரண்லேர்ந்து பாட்டி வீணையை இறக்கினவங்க கேக்கறது தனி. மேளம் கட்டறதுன்னா தண்டி (வீணையோட நீளமான கழுத்து) மேல குறுக்கா நிக்கற 24 மெட்டையும் எடுத்துட்டு, மெழுகை உருக்கி, ஒவ்வொரு ஸ்வரமா காதுல கேட்டு கேட்டு மெட்டைத் திரும்ப நிறுத்தறது. செலவு ஜாஸ்தி, வீணையும் நாள் கணக்குல கைல இருக்காது. அவ்வளவும் பண்ணி முடிச்சு வீட்டுக்கு வந்து பாத்தா அதே கரகரப்பு இருக்கும், ஏன்னா கோளாறு மெட்டுலயே இருந்திருக்காது, துரு ஏறின ஒரு சாரணித் தந்தில (ஸட்ஜத்துக்குச் சேக்கற முதல் தந்தி) இருந்திருக்கும். நான் பாத்த வரைக்கும் நிறைய வீணைக்கு ஒரு செட் தந்தியும் ஒரு சாக்பீஸும் போதும். அதனால கீழ எல்லாத்தையும் காசில்லாத வேலைலேர்ந்து ஆரம்பிச்சு காசு ஆகற வேலை வரைக்கும் வரிசைல எழுதிருக்கேன், உங்க வீணை என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க.

கைல வச்சுக்க வேண்டியது: செல்போன் டார்ச், 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், மெல்லிசு பேப்பர் துண்டு, பழைய காட்டன் துணி, சாக்பீஸ், ட்யூனர் ஆப் இல்லேன்னா சுருதிப்பெட்டி. கூட ஒரு ஆள் இருந்தா ரொம்ப நல்லது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, என்ன வேலை பண்ணாலும் ஏழு தந்தியையும் ஒரே நேரத்துல தளர்த்தாதீங்க. பெரும்பாலான வீணைல குதிரை, அதாவது குடத்து மேல தந்தியைத் தாங்கற கட்டை, தந்தி இறுக்கத்துலதான் நிக்குது, எல்லாத்தையும் விட்டா குதிரை விழுந்துடும், அப்புறம் அது முன்னாடி எங்க நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கறதே தனி வேலை. இப்பவே குதிரையோட காலைச் சுத்தி பென்சிலால மெல்லிசா ஒரு கோடு போட்டு ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க.

## கரகரப்பு

முதல்ல அது எங்கேர்ந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்கணும். இதுதான் முக்கால்வாசி வேலை.

வெறும் தந்தியை மீட்டினாலே கரகரக்குது

எந்த மெட்டையும் அழுத்தல, அப்படியும் சத்தம் வருதுன்னா மெட்டு மேல சந்தேகமே பட வேண்டாம், பாக்க வேண்டியது குதிரை.

குதிரை மேல இருக்குற உலோகத் தகட்டை துணியால துடைங்க, தந்திக்கு அடில துணியோட நுனியை விட்டு இழுத்து துடைக்கணும். விரலுக்கு எண்ணெய் வச்சு வாசிக்கறவங்க வீணைல அந்த எண்ணெயும் தூசியும் சேந்து கருப்பா பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும், பூஜைல வச்ச சந்தனம் குங்குமம் காஞ்சு போய் உக்காந்திருக்கறதும் சகஜம். துடைச்சப்புறம் மீட்டிப் பாருங்க, பல வீணை இங்கயே சரியாயிடும்.

சரியாகலைன்னா பேப்பர் துண்டை தகட்டோட முன் ஓரத்துல, அதாவது மெட்டு பக்கம் இருக்குற ஓரத்துல, தந்திக்கு அடில லேசா நுழைச்சுட்டு மீட்டுங்க. கரகரப்பு நின்னு போச்சுன்னா தந்தி தகட்டுல உக்கார்ற இடம்தான் கெட்டுப்போயிருக்கு. டார்ச்சை பக்கவாட்டுல படுக்க வச்சு அடிச்சுப் பாத்தா தந்தி ஓடின தடம் தெரியும், சாதாரணமா பளபளன்னு ஒரு கோடுதான் இருக்கும், பல வருஷம் வாசிச்ச வீணைல அந்தக் கோடு நகத்தால தடவினா தட்டுப்படற பள்ளமா ஆயிருக்கும். அந்தப் பள்ளத்து விளிம்புல தந்தி உரசறதுதான் சத்தம். தந்தியை அரை மில்லி தள்ளி வச்சுப் பாருங்க, கொஞ்ச நாள் ஓடும். ஆனா உப்புத்தாள், அரம் எதையும் தகட்டுல வச்சுடாதீங்க. அந்தத் தகட்டுல கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு இருக்கு, வீணையோட நாதமே அந்த வளைவுலதான் இருக்கு, அதைத் தேய்ச்சு சரி பண்றது கை பழகின ஆள் வேலை.

தகட்டை விரல் நகத்தால ஒவ்வொரு இடமா தட்டிப் பாருங்க, ஒரு இடத்துல மட்டும் டக் டக்னு பொள்ளலா கேட்டா தகடு அடில ஒட்டு விட்டிருக்கு. வீட்ல வச்சு ஃபெவிக்விக் ஊத்தற வேலை வேண்டாம், பின்னாடி பிரிக்கவே முடியாது. வீணை செய்யற ஆசாரிகிட்ட கொடுத்தா சின்ன வேலை.

ஒரே ஒரு மெட்டுல மட்டும்

அஞ்சாவது மெட்டுல அழுத்தினா கரகரக்குது, நாலுலயும் ஆறுலயும் சுத்தமா இருக்குன்னா, குத்தவாளி பெரும்பாலும் ஆறாவது மெட்டு. அது லேசா தூக்கியிருக்கும், இல்லேன்னா அஞ்சாவது லேசா அமுங்கியிருக்கும்.

முதல்ல விரலைப் பாருங்க, அழுத்தற விரல் மெட்டுக்குக் கொஞ்சம் பின்னாடியே தள்ளி விழுந்தாலும் இதே சத்தம் வரும், புதுசா கத்துக்கற பிள்ளைங்களுக்கு இது ரொம்ப சகஜம். வாசிக்கத் தெரிஞ்ச வேற ஒருத்தரை அதே மெட்டுல வாசிக்கச் சொல்லுங்க.

அப்புறம் ஸ்கேல் டெஸ்ட். ரெண்டு தந்திக்கு நடுவுல ஸ்கேலை செங்குத்தா நிறுத்தி, அடுத்தடுத்து மூணு மெட்டு மேல உக்கார மாதிரி வைங்க. ஆடாம நின்னா மூணும் சமம், ஏத்தம் மரம் மாதிரி ரெண்டு பக்கமும் மேல கீழ ஆடினா நடு மெட்டு உசந்திருக்கு. ஸ்கேலுக்கும் நடு மெட்டுக்கும் இடையில வெளிச்சம் தெரிஞ்சா நடு மெட்டு இறங்கியிருக்கு.

அடுத்து மெட்டோட தலையைப் பாருங்க. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கறதுக்கு, தந்தியை இழுத்து இழுத்து, சாரணி ஓடற இடத்துல பள்ளம் விழுந்திருக்கும், முக்கியமா எப்பவும் வாசிக்கற நடு ஸ்தாயில. லேசா இருந்தா ஆசாரி தேய்ச்சு பாலிஷ் போட்டுக் கொடுத்துடுவார். ஒண்ணு ரெண்டு மெட்டு உசந்து இறங்கி இருந்தாலும் அந்த மெட்டை மட்டும் சரி பண்ணச் சொல்லிக் கேளுங்க, முழு மேளமும் கட்டினாதான் ஆச்சுன்னு யாராவது உடனே சொன்னா இன்னொரு இடத்துலயும் காட்டுங்க.

வரிசையா பல மெட்டுல

தந்தி மெட்டுலேர்ந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு முதல் மெட்டு கிட்டயும் கடைசி மெட்டு கிட்டயும் பாருங்க. கடைசி பக்கம் ரொம்பத் தாழ்ந்து போயிருந்தா குதிரை சாஞ்சிருக்கும், பக்கவாட்டுலேர்ந்து பாத்தாலே தெரியும். லேசா சாஞ்சிருந்தா மெட்டு மேல போற நாலு தந்தியையும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கிட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சு நிமித்தி, பென்சில் கோட்டுலயே நிக்க வச்சு, திரும்ப சுருதி ஏத்துங்க.

குதிரை நேரா இருக்கு, அப்படியும் பல மெட்டு கரகரங்குதுன்னா ரெண்டு வழிதான் மிச்சம். மெழுகு வெயில்ல இளகி மெட்டுங்க ஒழுங்கில்லாம இறங்கியிருக்கலாம், இல்லேன்னா தண்டியே வளைஞ்சிருக்கலாம். தண்டி முனைல இருக்குற யாளி முகத்துப் பக்கமா ஒரு கண்ணை மூடிக்கிட்டு தண்டி நெடுக்கப் பாருங்க, மெட்டுங்களோட தலை ஒரே கோட்டுல போகுதா, நடுவுல குழி விழுதான்னு. எதுவா இருந்தாலும் இது ஆசாரி வேலை, இங்கதான் மேளம் கட்டற பேச்சே ஆரம்பிக்கணும்.

தந்தில இல்ல, வேற எங்கயோ கிர்ருங்குது

இது ஆளை ரொம்ப அலைக்கழிக்கும். ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் ஜிர்ருன்னு கேக்கும், எந்த மெட்டுலன்னு தேடினா கிடைக்காது. இதுக்குதான் கூட ஆள் வேணும்னேன். ஒருத்தர் அந்த ஸ்வரத்தையே விடாம மீட்டிட்டே இருக்கணும், இன்னொருத்தர் ஒவ்வொரு பாகமா விரலை வச்சு அழுத்திட்டே வரணும்: லங்கர் வளையம் (சுருதியை நுணுக்கமா சேக்கத் தள்ளற வளையம்), நாகபாசம் (தந்தியோட குடத்துப் பக்க முனையைக் கட்டியிருக்கற இடம்), சுரைக்காய் மாட்டியிருக்கற திருகு, குடத்து மேல இருக்குற அலங்காரத் துண்டு, தாளத் தந்தி உக்கார்ற பக்கக் குதிரை, யாளியோட நாக்கு, பிரடைலேர்ந்து (தந்தியை முறுக்கற மரத் திருகு) நீட்டிட்டு இருக்குற தந்தி நுனி, மைக் ஒட்டியிருந்தா அதோட ஒயர். எதை அழுத்தினா சத்தம் நிக்குதோ அதான். லங்கர் மரத்துல உரசினா அடில ஒரு துணித்துண்டு, சுரைக்காய் லூஸா இருந்தா இறுக்கினா போதும். வாசிக்கறவங்க வளையலும் தாலிச் சங்கிலியும் தண்டில இடிச்சும் இதே சத்தம் வரும், அதையும் பாத்துக்கோங்க.

தாளத் தந்தி மட்டும்

தாளத் தந்தின்னா மெட்டு மேல போகாம பக்கத்துல ஓடற மூணு தந்தி: பக்க சாரணி, பக்க பஞ்சமம், ஹெச்சு சாரணி. பக்கக் குதிரையைத் துடைங்க, தந்தி அதோட இடத்துல உக்காந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் தந்தியை மாத்துங்க. மூணு தாளத் தந்தில ஹெச்சு சாரணிதான் சீக்கிரம் கெடும்.

## சுருதி நிக்க மாட்டேங்குது

பிரடை வழுக்குது

கோடைல இது சகஜம், மரம் காஞ்சு சுருங்கி பிரடை ஓட்டைக்குள்ள தளந்து போயிடும். திருகறப்பவே உள்பக்கமா அழுத்திக்கிட்டே திருகிப் பாருங்க. நிக்கலைன்னா அந்த ஒரு தந்தியை மட்டும் தளர்த்தி, பிரடையை வெளில எடுத்து, அதுல இருக்குற பிசுக்கைத் துடைச்சுட்டு, சாக்பீஸை பிரடை உரசற ரெண்டு இடத்துலயும் தேய்ச்சு திரும்பப் போடுங்க. எண்ணெய், கிரீஸ் ஆகவே ஆகாது. சாக்பீஸ் போட்டும் ஒரு நாளைக்கு மேல நிக்கலைன்னா பிரடையோ ஓட்டையோ தேஞ்சு வட்டம் போயிடுச்சு. புதுப் பிரடை கடைஞ்சு போடணும்.

பிரடை திரும்பவே மாட்டேங்குது

இது ஐப்பசி கார்த்திகை வியாதி. மரம் ஈரத்தை இழுத்து ஊதி இறுகிடும். கட்டிங் பிளேயர் போட்டுத் திருகறது, சுத்தியலால தட்டறது ரெண்டும் வேண்டவே வேண்டாம், பிரடை கழுத்து பட்டுனு முறிஞ்சு உள்ளயே மாட்டிக்கும். வீணையை ரெண்டு நாள் ஈரமில்லாத ரூம்ல, ஃபேன் காத்து நேரா படாத இடத்துல வைங்க, வெயில்ல காய வைக்காதீங்க. அப்புறம் முன்னையும் பின்னையும் நூலளவு அசைச்சு அசைச்சுப் பாருங்க. வெளில வந்துட்டா காஞ்ச சோப்பைத் தேய்ச்சு அது மேல சாக்பீஸ் போட்டு மாட்டுங்க. அசையவே இல்லேன்னா விட்டுடுங்க, ஆசாரி பாத்துப்பார்.

பிரடை கெட்டியாதான் இருக்கு, ஆனா சுருதி இறங்கிட்டே இருக்கு

புதுத் தந்தின்னா ஒண்ணு ரெண்டு நாள் இறங்கத்தான் செய்யும், நீண்டு முடியணும். மாட்டினவுடனே நடுவுல பிடிச்சு லேசா இழுத்து விட்டு, திரும்ப சுருதி சேத்து, திரும்ப இழுத்துன்னு கொஞ்ச நேரம் பண்ணா சீக்கிரம் நிக்கும். பிரடைல தந்தி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சுத்தியிருந்தாலும் இறங்கும், பக்கத்துல பக்கத்துல அடுக்கிச் சுத்துங்க. நாகபாசத்துப் பக்கம் போட்ட முடிச்சு நழுவுதான்னும் பாருங்க.

இடம் மாறினாலும் இறங்கும். தை மாசம் திருவையாறு ஆராதனைக்கு விடியக்காலைல வீணையைத் தூக்கிட்டுப் போறீங்கன்னா, காவிரிக்கரை பனில உறையைத் திறந்த உடனே சேக்கற சுருதி பந்தலுக்குள்ள ஆளுங்க நிரம்பினதும் நிக்காது. உறையைத் திறந்து வச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சுச் சேருங்க.

லங்கர் வளையத்தைத் தள்ளித் தள்ளி அது ஒரு கோடிக்குப் போய் நின்னுட்டா அதுக்கப்புறம் நுணுக்கமா சேக்க முடியாது. வளையத்தை நடுவுக்குக் கொண்டு வந்துட்டு பிரடைலேர்ந்து ஆரம்பிங்க.

## வெறும் தந்தி சுருதில இருக்கு, மெட்டுல அழுத்தினா ஸ்வரம் தப்பா பேசுது

இதுக்குதான் ஜனங்க அதிகமா மேளம் கட்டிக்கறாங்க, இதுலதான் தேவையில்லாத மேளமும் அதிகம். அதனால நிதானமா பாருங்க. ஏழு தந்தியையும் ட்யூனர்ல சுத்தமா சேத்துட்டு, விரலை ரொம்ப அமுக்காம, வீணையையே வச்சு வீணையைச் சோதிக்கலாம் (மெட்டு மேல போற நாலு தந்தி மேலேர்ந்து கீழ் சுருதிக்கு வரிசையா சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம்):

- சாரணில 7-வது மெட்டு பஞ்சமம், பக்க பஞ்சமத்தோட ஒத்துப்போகணும்.
- சாரணில 12-வது மெட்டு தார ஸட்ஜம், ஹெச்சு சாரணியோட ஒத்துப்போகணும்.
- பஞ்சமத் தந்தில 5-வது மெட்டு ஸட்ஜம், வெறும் சாரணியோட ஒத்துப்போகணும்.
- மந்தரத்துல 7-வது மெட்டு, வெறும் பஞ்சமத் தந்தியோட ஒத்துப்போகணும்.
- அனுமந்தரத்துல 5-வது மெட்டு, வெறும் மந்தரத்தோட ஒத்துப்போகணும்.

இனி எது தப்புதுன்னு பாத்தா காரணம் தானா வெளில வரும்.

ஒரே தந்தில மட்டும் எல்லா மெட்டும் தப்பு: தந்தி பழசு. துரு ஏறி ஒரு இடம் தடிச்சு ஒரு இடம் மெலிஞ்சு போன தந்தி எந்த மெட்டுலயும் நேரா பேசாது. மந்தரமும் அனுமந்தரமும் சுத்துத் தந்தி, அதுல சுத்து தளந்தாலும் இதேதான். தந்தியை மாத்துங்க, அவ்வளவுதான். ரொம்ப நாளா மாத்தாத வீணைன்னா எதையும் சோதிக்கறதுக்கு முன்னாடியே முழு செட்டும் மாத்திடுங்க, ஒண்ணைக் கழட்டி மாட்டினப்புறம் அடுத்ததை.

எல்லாத் தந்திலயும், மேல போகப் போக தப்பு கூடுது: குதிரை நகந்திருக்கு. 12-வது மெட்டு ஏறிப் பேசினா குதிரை மெட்டுக்குப் பக்கமா வந்திருக்கு, நாகபாசத்துப் பக்கம் நூலளவு தள்ளணும். இறங்கிப் பேசினா மெட்டுப் பக்கம் தள்ளணும். தந்தியைக் கொஞ்சம் இறக்கிட்டுத்தான் நகத்தணும், ஒவ்வொரு தடவையும் திரும்ப சுருதி சேத்துப் பாக்கணும், பொறுமை வேணும். சாரணி சரியா இருந்து அனுமந்தரம் மட்டும் தப்பினா குதிரை கோணலா நிக்குது, ஒரு முனையை மட்டும் நகத்துங்க.

ஒரே மெட்டு, எல்லாத் தந்திலயும் தப்பு: அந்த மெட்டு நகந்திருக்கு. ஒண்ணு ரெண்டுன்னா அதை மட்டும் சரி பண்ணலாம்.

இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு பல மெட்டு, எல்லாத் தந்திலயும்: இப்ப மேளம் கட்டுங்க. இதுக்கு மட்டும்தான் நான் தயங்காம சொல்லுவேன்.

## தந்தி அடிக்கடி அறுந்து போகுது

அறுந்த இடத்தைப் பாருங்க. பிரடை பக்கத்துலன்னா ஓட்டை விளிம்பு கூரா இருக்கு, இல்லேன்னா ஒரே இடத்துல மடக்கி மடக்கி மாட்டியிருக்கீங்க. குதிரை மேலன்னா மேல சொன்ன பள்ளம். லங்கர் பக்கத்துலன்னா முறுக்கு போட்டது சரியில்ல. மெட்டு மேல, நடுவுலன்னா துரு. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் இருக்கறவங்களுக்கு உப்புக் காத்துல தந்தி ரொம்ப சீக்கிரம் துருப்பிடிக்கும், தினமும் வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால ஒரு தடவை துடைச்சா ரெண்டு மடங்கு நாள் வரும்.

எல்லா இடத்துலயும் மாறி மாறி அறுந்தா சுருதியைப் பாருங்க. 3 கட்டைக்குன்னு (கட்டைங்கறது ஆதார சுருதியோட அளவு) தந்தி போட்ட வீணையை பாடறவங்களுக்காக 4 கட்டைக்கு ஏத்தினா தாங்காது. கடைல கேக்கறப்பவே எத்தனை கட்டைக்கு வாசிக்கறீங்கன்னு சொல்லி செட் வாங்குங்க.

## நாதம் மங்கிப் போச்சு

முதல்ல தந்தி, அப்புறம் குதிரைத் தகட்டுப் பிசுக்கு. ரெண்டும் சரின்னா குடத்துப் பலகையைப் பாருங்க, வீணை அழகா இருக்கட்டும்னு யாராவது மேல தடியா வார்னிஷ் அடிச்சிருந்தா பலகை பேசாது. குதிரையோட கால் பலகைல முழுசா படியுதான்னும் பாருங்க, பேப்பர் துண்டு அடில நுழைஞ்சா படியல. மழைக்காலத்துல மட்டும் மங்கினா மரம் ஈரம் வாங்கியிருக்கு, தை பிறந்து காய ஆரம்பிச்சதும் தானா திரும்பும், அதுக்கு ஒண்ணும் செலவு பண்ணாதீங்க.

## மெட்டு கையோட வந்துடுச்சு, மெழுகு வழியுது

சித்திரை வைகாசில பூட்டின கார்ல வீணையை வச்சா மெழுகு நிக்காது, தேன்மெழுகுல கரி கலந்து பண்றதுதானே அது. மேற்கு ஜன்னல் பக்கம் சாத்தி வச்சாலும் சாயங்கால வெயில் போதும். மெழுகு இளகியிருக்குன்னு தெரிஞ்சா மெட்டைத் தொடாதீங்க, தந்தியை அமுக்காதீங்க, அப்படியே படுக்க வச்சு நிழல்ல ஆற விடுங்க. ஆறினதும் மேல சொன்ன அஞ்சு சோதனையும் போட்டுப் பாருங்க, நல்ல வேளையா எதுவும் நகராமலும் இருக்கலாம். கழண்ட மெட்டை ஒரு டப்பால பத்திரமா எடுத்து வைங்க, அது எத்தனையாவதுன்னு எழுதி ஒட்டுங்க. ஸ்பூனைச் சூடு காட்டி நீங்களே மெழுகை அமுக்கறது, ஃபெவிக்கால் வைக்கறது ரெண்டும் பக்கத்து மெட்டையும் சேத்துக் கெடுத்துடும்.

## மைக் போட்டா உம்ம்ம்னு இரையுது

காண்டாக்ட் மைக் ஒயரை மாத்திப் பாருங்க, வேற பிளக் பாயிண்ட்ல போட்டுப் பாருங்க, டியூப்லைட் சோக்குக்கும் சீரியல் செட்டுக்கும் பக்கத்துல ஒயர் போகுதான்னு பாருங்க. தந்தியைக் கையால தொட்டா இரைச்சல் குறைஞ்சா எர்த் பிரச்சினை, மைக்செட்காரர்கிட்ட சொல்லுங்க. வீணைல கோளாறு இல்ல.

## மரம்

விரிசல் தெரிஞ்சாலோ, அடில மாவு மாதிரி தூள் கொட்டினாலோ, சின்னச் சின்ன ஓட்டை தெரிஞ்சாலோ வீட்டு வைத்தியம் கிடையாது, அன்னிக்கே தந்தியைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டு ஆசாரிக்குப் போன் பண்ணுங்க. வண்டு விழுந்ததுன்னா மத்த வாத்தியங்களையும் தள்ளி வைங்க. தனித்தனி மரத்துல செஞ்சு ஒட்டின ஒட்டு வீணைல குடமும் தண்டியும் சேர்ற இடத்தை ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் விரலால தடவிப் பாருங்க, நகம் மாட்டினா ஒட்டு விட ஆரம்பிச்சிருக்கு. ஏகாண்ட வீணைல ஒரே மரம்ங்கறதால இந்தப் பயம் இல்ல, விரிசல் மட்டும் பாத்தா போதும்.

## ஆசாரிகிட்ட போறப்போ

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது, பண்ருட்டிப் பலாவைக் கடைஞ்சு அங்கயே பரம்பரையா செய்யறவங்க இருக்காங்க, டெல்டால எங்க இருந்தாலும் முடிஞ்சா அவங்ககிட்டயே கொண்டு போங்க. சும்மா "கரகரங்குது"ன்னு சொல்லாம, எந்தத் தந்தி, எத்தனையாவது மெட்டு, என்னெல்லாம் மாத்திப் பாத்தீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் தேவையில்லாத வேலை நடக்காது. எத்தனை கட்டைக்கு வாசிக்கறீங்கன்னு கட்டாயம் சொல்லுங்க, மேளம் அந்தச் சுருதில வச்சுத்தான் கட்டணும். திரும்ப வாங்கறப்போ அங்கயே உக்காந்து அந்த அஞ்சு சோதனையும் போட்டுக் காட்டச் சொல்லுங்க, நல்ல ஆசாரி யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

கொண்டு போறப்போ எல்லாத் தந்தியையும் ஒரு ஸ்வரம் அளவுக்கு மட்டும் இறக்குங்க, சுரைக்காயைக் கழட்டித் தனியா துணில சுத்துங்க, குதிரைக்கு ரெண்டு பக்கமும் மடிச்ச துண்டு வைங்க. வெயில் காலத்துல காலைல முதல் பஸ்ஸோ பாசஞ்சரோ பிடிச்சுப் போயிடுங்க, மத்தியானம் பஸ்ல இன்ஜின் பக்கம் வீணையை வைக்கவே வைக்காதீங்க.